முப்பத்தெட்டு அமுக்கு

சிவப்புப் பொத்தானை அமுக்கினால் சத்தமே வராது. பிசைந்து வைத்த சப்பாத்தி மாவில் விரல் புதைவதுபோல மெத்தென்று உள்ளே போகும். ஒரு கணம் யோசித்துவிட்டு, மனசில்லாமல் மேலே வரும். எங்கள் கட்டைவிரல்களின் வியர்வையில் அதன் முகம் தேய்ந்து பளபளத்து, மேலே இருந்த ஆங்கில எழுத்து பாதி அழிந்துபோயிருந்தது. மோந்து பார்த்தால் சூடான ரப்பரும் தேங்காய் எண்ணெயும் கலந்த வாடை அடிக்கும். பன்னிரண்டு வயதில், ஒரு கோடை விடுமுறை முழுவதும், அந்தப் பொத்தானை எப்படி அமுக்காமல் இருப்பது என்பதைத் தவிர வேறு எதையும் நான் தீவிரமாக யோசித்ததாக நினைவில்லை.

பொத்தான் இருந்தது ஒரு டிவி கேம் பெட்டியின் கைக்கருவியில். அதை நாங்கள் "ரிமோட்" என்போம். பெட்டி வந்த கதை தனி. என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், சிதம்பரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருந்தார். சுற்றுப்பட்ட ஊர்களிலிருந்து காலையில் சைக்கிளில் வந்து, அதை அங்கே விட்டுவிட்டு, பஸ் ஏறி வேலைக்கும் காலேஜுக்கும் போகிறவர்கள்தான் அவருடைய வாடிக்கை. அப்படி வந்துகொண்டிருந்த பரங்கிப்பேட்டைக்காரர் ஒருவர், ஒரு நாள் சைக்கிளை விட்டுவிட்டுப் போனவர், மூன்று வருஷம் கழித்துச் சிங்கப்பூரிலிருந்து திரும்பி வந்து டோக்கனை நீட்டினார். மாமா சைக்கிளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, காற்றடித்துக் கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தில் அவர் கொண்டுவந்து தந்ததுதான் பெட்டி. மாமா அதை மகள் மலர்விழியிடம் தந்தார். எனக்கு அவள் மலரக்கா. என்னைவிட மூன்று வயது மூத்தவள்.

எங்கள் வீடு கடலூரில், மஞ்சக்குப்பத்தில். ஒவ்வொரு விடுமுறையிலும் பாதி நாள் நான் சிதம்பரத்தில், மீதிப் பாதி மலரக்கா கடலூரில் என்பது இரண்டு வீட்டிலும் எழுதாத ஏற்பாடு. அவள் வந்தால் பெட்டியும் வரும்.

பெட்டியோடு வந்த கேசட்டில் நிறைய ஆட்டங்கள் இருந்தாலும் நாங்கள் ஆடியது ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் எங்களுக்குத் தெரியாது. எழுத்துகள் சீனமா ஜப்பானா என்றும் தெரியாது. கட்டம் கட்டமாக வரைந்த வெள்ளை மிருகம் ஒன்று மலைமேல் ஏறிக்கொண்டே போகும். நான் ஆடு என்பேன், மலரக்கா நாய் என்பாள். ஒரு பொத்தான் ஓடுவதற்கு, சிவப்புப் பொத்தான் குதிப்பதற்கு. ஒவ்வொரு "ரவுண்டு" தொடங்குமுன்பும் மலையின் படம் வரும். அதில் ஒன்பது வட்டங்கள். முடித்த வட்டம் மஞ்சளாகும். ஏழாவது வட்டத்துக்கு மேல் மஞ்சளாகி நாங்கள் பார்த்ததே இல்லை. மூன்று உயிர் முடிந்தால் மறுபடி முதல் வட்டம். நடுவில் நிறுத்திவைத்து மறுநாள் தொடர்வதெல்லாம் அந்தப் பெட்டியில் கிடையாது.

மலரக்கா பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்த வருஷம் அது. நாமக்கல் பக்கம் ஒரு ஹாஸ்டல் பள்ளியில் பிளஸ் ஒன் சேர்ப்பதென்று முடிவாகியிருந்தது; ரிசல்ட் வருவதற்கு முன்பே, மே மாதம் மூன்றாவது வாரத்திலேயே வகுப்பு தொடங்கிவிடும். "ரெண்டு வருஷம் டிவி மூஞ்சியே பாக்க முடியாது இவ," என்று அத்தை வருகிற போகிறவர்களிடமெல்லாம் பெருமையும் கவலையுமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். மலரக்கா என்னிடம் ஒன்றுதான் சொன்னாள்: "போறதுக்குள்ள ஒம்பதாவது ரவுண்டு முடிச்சிடணும் நித்தி. அது எங்கதான் போகுதுன்னு பாத்துடணும்."

அதைச் சொன்ன நான்காம் நாள் சிவப்புப் பொத்தான் மக்கர் செய்யத் தொடங்கியது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு சிதம்பரம் மேலவீதிப் பக்கம் இருந்த டிவி ரிப்பேர் கடைக்குப் போனோம். கடை அண்ணன் ரிமோட்டின் ஆணிகளைக் கழற்றி, உள்ளே இருந்த ரப்பர் துண்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினார். பொத்தானுக்கு அடியில் குடைபோல நிற்கும் மெல்லிய ரப்பர். அதன் ஓரத்தில் நகக்கீறல் அளவுக்கு ஒரு விரிசல். இரண்டாவது ரிமோட்டின் ரப்பரை எடுத்துப் போடலாமென்றால், அது முந்தின வருஷமே இதற்குள் வந்துவிட்டிருந்தது. "இந்த மாடலே இப்ப வரதில்லம்மா. ஆயுசு அவ்ளோதான். அமுக்குறதக் கொறச்சிக்குங்க, கொஞ்ச நாள் ஓடும்," என்றார். அவர் பேச்சுக்குச் சொன்னார். நான் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டேன்.

எனக்கு அப்போதே எதையும் கோடு போட்டு எழுதுகிற பழக்கம். கடையிலிருந்து வந்ததும் மாமாவிடமிருந்து பாதி எழுதிய நீளமான நோட்டு ஒன்றை வாங்கி, அளவுகோலால் கட்டங்கள் போட்டேன்: நாள், ரவுண்டு, அமுக்கு, உயிர், குறிப்பு. முதல் நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ண, மலரக்கா வழக்கம்போல ஆடினாள். ஆறாவது ரவுண்டில் செத்துப்போவதற்குள் நூற்றிருபத்தேழு அமுக்கு. எண்ணிக்கையைப் பார்த்து இரண்டு பேருக்கும் திக்கென்றது. தேவையில்லாத இடத்தில், சும்மா நடந்துபோகும்போதும், பாட்டுக்குத் தாளம் போடுவதுபோல அவள் குதித்துக்கொண்டே போயிருந்தாள்.

அன்றைக்கே விதிகள் எழுதினோம். ஒரு நாளைக்கு ஒரே ஆட்டம். ஆடுவது மலரக்கா, எண்ணுவது நான். எண்ணிக்கையை உரக்கச் சொல்லவேண்டும். அமுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தால் அது ஒன்றுதான். இந்தக் கடைசி விதியில்தான் தகராறு வந்தது. ஒரு ரவுண்டு முடியும்போது அமுக்கிய பொத்தானை விடாமல் பிடித்துக்கொண்டால், அடுத்த ரவுண்டு தொடங்கும்போதும் அது அமுங்கியே இருக்கும். அமுங்கியிருந்தால், வழியில் வரும் ஸ்பிரிங் காளான்மேல் மிருகம் கால் வைத்ததும் இரண்டு மடங்கு உயரம் எம்பும். நான்காவது ரவுண்டையும் ஏழாவது ரவுண்டையும் இப்படிப் புதிதாக ஒரு முறைகூட அமுக்காமலே கடந்துவிடலாமென்று கண்டுபிடித்தோம். அவற்றுக்கு நேராக நான் பூஜ்யம் என்று எழுதினேன்.

"இன்னாடி பூஜ்யம்? அழுகுணி ஆட்டம் ஆடாத," என்றாள் மலரக்கா. "கைய எடுக்கலன்னா அமுக்கலன்னு ஆயிடுமா?"

"புதுசா அமுக்கலையே."

"பழசுன்னாலும் அது அமுக்குதான்."

ஒரு மத்தியானம் முழுவதும் வாதாடி, அரை என்று தீர்த்துக்கொண்டோம். இரண்டு இடம் இருந்ததால் இரண்டு அரையும் சேர்ந்து ஒன்றானது. என் நோட்டில் முழு எண்கள் பிழைத்துக்கொண்டன.

அதன் பிறகு வந்த இரண்டு வாரங்களைப்போல ஒரு படிப்பு எனக்கு எந்த வகுப்பிலும் வாய்க்கவில்லை. ஒரு நாளைக்கு ஒரே ஆட்டம் என்பதால் மீதி நேரமெல்லாம் காகிதத்தில்தான் ஆடினோம். சைக்கிள் ஸ்டாண்டின் பழைய டோக்கன் அட்டைகளை ஒட்டி ஒட்டி மலரக்கா ஒவ்வொரு ரவுண்டையும் நீளமாக வரைந்தாள். எங்கே பள்ளம், எங்கே காளான், எந்த மேகம் எந்தப் பக்கம் போகும் என்று. அதன்மேல் புளியங்கொட்டையை நகர்த்தி, குதிக்கவேண்டிய இடத்தில் "தொப்" என்று வாயால் சொல்வோம். பொத்தானை அமுக்காமல் பழகுவதற்கு அதைவிட வேறு வழியில்லை. பழகினால் பொத்தான் தேயும், பழகாவிட்டால் ஜெயிக்க முடியாது என்பதுதான் எங்கள் சிக்கலே.

முதலில் கண்டுபிடித்தது, காத்திருக்கலாம் என்பது. இரண்டாவது ரவுண்டில் ஐந்து முறை குதித்து ஏறும் பாறைக்குப் பக்கத்தில், நான் பதினொன்று எண்ணும்வரை அசையாமல் நின்றால், ஒரு மேகம் தானாகக் கீழே வந்து மிருகத்தை ஏற்றிக்கொண்டு போகும். இவ்வளவு நாள் அவசரத்தில் அது வருமுன்பே நாங்கள் குதித்துப் போயிருந்தோம். அடுத்தது, அடி வாங்கலாம் என்பது. ஐந்தாவது ரவுண்டில் ஒரு வண்டு வந்து முட்டும். முட்டினால், ஒவ்வொரு உயிருக்கும் திரையோரம் காட்டும் இதயங்களில் ஒன்று குறையும், ஆனால் மிருகம் பின்னால் தூக்கியெறியப்பட்டு மேல்படியில் போய் விழும். ஒரு இதயம் கொடுத்து மூன்று அமுக்கு மிச்சம். இது மலரக்காவின் கண்டுபிடிப்பு. "வேணும்னே போய் உத வாங்கறதுதான்டி கஷ்டம், கை தானா பின்னால இழுக்குது," என்று சிரித்தாள்.

வீட்டில் எங்களுக்குப் பைத்தியம் என்று முடிவே கட்டிவிட்டார்கள். திரையில் மிருகம் அசையாமல் நிற்க, நாங்கள் இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பதினொன்று எண்ணுவதைப் பார்த்த அத்தை, "அமுக்காம ஆடுறதுக்கு எதுக்குடி டிவி? அணைச்சிட்டு ஒக்காருங்க, கரண்டாவது மிச்சமாவும்," என்றாள். மாமா மத்தியானச் சாப்பாட்டுக்கு வரும்போதெல்லாம், "பட்டனுக்கு இன்னிக்கு எவ்ளோ ரேஷன்?" என்று கேட்பார். கேலிதான், ஆனால் நான் எண்ணைச் சொன்னால் தலையாட்டிக்கொள்வார். அறுபத்துமூன்று. ஐம்பத்திரண்டு. நாற்பத்து நான்கு. கடைசிப் படிவரை போய்ச் செத்திருந்த எட்டாவதையும் சேர்த்து, எட்டு ரவுண்டுகளுக்கும் காகிதத்தில் வந்த கடைசிக் கணக்கு முப்பத்தெட்டு. அதற்குக் கீழே போக முடியாதென்று கீழே இரண்டு கோடு போட்டேன்.

மே மாதம் இரண்டாவது வாரத்தில் கடலூர் வந்தோம். புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று பஸ் குலுங்கிய வழி முழுக்க ரிமோட்டைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தவள் நான். ஆடுவது அவளாக இருக்கலாம், பொத்தானின் ஆயுளுக்குப் பொறுப்பு நான் என்று ஒரு நினைப்பு. கடலூர் வந்த மூன்றாம் நாள், முதன்முதலாக, எட்டாவது வட்டம் மஞ்சளானது. எண்ணிக்கை சரியாக முப்பத்தெட்டு. ஒன்பதாவது ரவுண்டில் கால் வைத்த உடனே பனிக்கட்டி ஒன்றில் வழுக்கிக் கடைசி உயிரும் போய்விட்டது; ஆனாலும் அங்கே மேகங்களே இல்லை, பனியும் இருட்டு வானமுமாக இருக்கிறது என்பதை மட்டும் பார்த்துவிட்டோம்.

அதற்கப்புறம்தான் பொத்தான் வேகமாகக் கெட்டது. உள்ளே போனது மேலே வர ஒரு கணம் எடுத்தது, பிறகு இரண்டு கணம். நோட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். என் கணக்குப்படி அது இவ்வளவு சீக்கிரம் தளரக்கூடாது. சிதம்பரத்தில் ஒரு நாளைக்கு அறுபது அமுக்கியபோதுகூட நன்றாக இருந்தது, இங்கே முப்பது நாற்பதுக்கே ஏன் இப்படி? கட்டங்களில் விடை இல்லையென்றால் கட்டங்களுக்கு வெளியே யாரோ அமுக்கியிருக்கவேண்டும். வீட்டில் பொத்தானைத் தொடுகிறவர்கள் இரண்டே பேர். நான் தையல் மிஷின் கற்றுக்கொள்ள பக்கத்துத் தெருவுக்குப் போகும் ஒரு மணி நேரம் மலரக்கா வீட்டில் தனியாகத்தான் இருந்தாள்.

அதை நான் தனியாகக் கேட்டிருக்கலாம். மத்தியானம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்திருந்தபோது, அப்பா, அம்மா எதிரில், "நீ நான் இல்லாதப்ப திருட்டுத்தனமா ஆடுறக்கா. கணக்கு இடிக்குது," என்றேன்.

அம்மாதான், "ஒரு ரப்பருக்காகப் பெரியவள திருடின்னு சொல்லுவியா?" என்று என்னை அதட்டினாள். மலரக்கா ரசம் ஊற்றிப் பிசைந்தபடி, "விடு அத்த. நோட்ல இருந்தா இருக்கட்டும்," என்றாள். அன்றும் மறுநாளும் ஆட்டம் நடக்கவில்லை. அவள் அம்மாவோடு உட்கார்ந்து முறுக்கு பிழிந்தாள், துணி மடித்தாள். என்னோடு பேசினாள், ஆனால் "தண்ணி எடு", "ஃபேன் போடு" என்கிற அளவுக்கு. ஹாஸ்டலுக்குப் போக ஐந்தே நாள் இருந்தது. அந்த ஐந்தில் இரண்டை நான் தின்றுவிட்டேன்.

மூன்றாம் நாள் காலையில், எப்போதும்போல எழுந்ததும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, ரிமோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். டிவி அணைந்திருந்தது. பொத்தானை மெதுவாக அமுக்கி, எவ்வளவு நேரத்தில் மேலே வருகிறதென்று பார்த்தேன். மறுபடி அமுக்கினேன். ஓரமாக ஒரு முறை, நடுவில் ஒரு முறை, வேகமாக இரண்டு முறை. நோயாளியின் நாடி பார்க்கிற மாதிரி.

"இருவத்தி ரெண்டு," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

மலரக்கா பல் விளக்கிய வாயோடு, தோளில் துண்டோடு வாசற்படியில் நின்றிருந்தாள்.

"என்னக்கா?"

"நீ இப்ப அமுக்குனது. இருவத்தி ரெண்டு. காலைல ஒரு தடவ, சாயங்காலம் வெளக்கு வைக்கறதுக்கு முன்ன ஒரு தடவ. வந்ததுலேர்ந்து பாத்துட்டுதான் இருக்கேன்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "இத எந்தக் கட்டத்துல எழுதற?" என்று கேட்டாள். கோபமாகக்கூட இல்லை, தெரிந்துகொள்ளக் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

எந்தக் கட்டத்திலும் எழுதவில்லை. டிவி அணைந்திருக்கும்போது அமுக்குவது ஆட்டம் இல்லை. பொத்தான் நன்றாக இருக்கிறதா என்று பார்க்கத்தானே அமுக்கினேன். மிருகம் குதிக்காத அமுக்கு ஒரு அமுக்கு என்றே எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ரப்பருக்கு டிவி ஓடுகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? நோட்டை எடுத்து வைத்துக் கணக்குப் போட்டேன். வந்து ஒன்பது நாள். ஒரு நாளைக்கு இரண்டு வேளை. வேளைக்கு இருபது என்று குறைத்துப் போட்டாலும் முந்நூற்று அறுபது. அந்த ஒன்பது நாளில், நடுவில் செத்துப்போன ஆட்டங்களையும் சேர்த்து, மலரக்கா ஆடியது இருநூற்றுச் சொச்சம். பொத்தானைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அவள் ஆடியதைவிட அதிகமாக நான் அமுக்கியிருந்தேன். "ஆட்டத்துக்கு வெளியே" என்று ஒரு புதுக் கட்டம் போட்டு முந்நூற்று அறுபது என்று எழுதினேன். அவளிடம் காட்டினேன். பார்த்துவிட்டு, "ம்," என்றாள். மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று தெரிந்தது. "சாயங்காலம் ஆடலாமாக்கா?" என்று மட்டும் கேட்டேன். அவள் சரியென்றாள்.

அன்று சாயங்காலம் மூன்றாவது ரவுண்டில் பொத்தான் உள்ளே போனது, மேலே வரவேயில்லை.

மிருகம் சாகவில்லை. கீழே இறங்கி நடந்துகொண்டிருந்தது, ஆனால் குதிக்காது. பெட்டியைப் பொறுத்தவரை நாங்கள் பொத்தானை விடாமல் பிடித்துக்கொண்டே இருக்கிறோம். விட்டால்தானே மறுபடி அமுக்க முடியும்! மலரக்கா நகத்தை ஓரத்தில் விட்டு நெம்பினாள், பொத்தான் எழுந்தது, விரல் பட்டதும் மறுபடி அமுங்கிக்கொண்டது. அவ்வளவு நாளும் நாங்கள் தப்பான பொருளைச் சிக்கனம் பிடித்திருந்தோம் என்று அப்போதுதான் புரிந்தது. அமுக்குவதற்குப் பஞ்சமே இல்லை. எழுந்திருப்பதற்குத்தான் பஞ்சம்.

ஒரு கை ஓட்டுவதிலும் ஒரு கை அமுக்குவதிலும் இருக்கும்போது நெம்புவதற்கு மூன்றாவது கை வேண்டும். மலரக்கா தாவணியிலிருந்து ஊக்கைக் கழற்றி என்னிடம் நீட்டினாள். "நான் தூக்குன்னா தூக்கு. முன்னயும் வேணாம், பின்னயும் வேணாம்." இரண்டு நாள் பழகினோம். அவள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து, ஊக்கின் நுனியைப் பொத்தானின் விளிம்பில் வைத்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல் அவள் குரலை மட்டும் கேட்டுக்கொண்டிருப்பேன். இரண்டு முறை ஊக்கு வழுக்கி அவள் கட்டைவிரலில் குத்தியது. "ஹாஸ்டல்ல வந்து எனக்கு எழுதித் தருவியாடி?" என்று கேட்டாளே தவிர, ரிமோட்டைப் பிடுங்கிக்கொள்ளவில்லை. வேறு யாரிடமும் ஊக்கைக் கொடுக்கவுமில்லை. அது எனக்கு அன்று பெரிய விஷயமாக இருந்தது.

கடைசி நாள் மாமா அவளைக் கூட்டிப்போக வந்துவிட்டார். ஐந்து மணி பஸ்ஸைப் பிடித்தால்தான் சிதம்பரம் போய் ஹாஸ்டலுக்கு மூட்டை கட்ட முடியும். மறுநாள் காலையில் நாமக்கல் பயணம். மலரக்கா நாலு மணிக்கு ஆறாவது ரவுண்டில் இருந்தாள். மாமா காப்பி டம்ளரோடு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர், முதலில் கடிகாரத்தையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தார். எட்டாவது வட்டம் மஞ்சளானதும் கடிகாரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

ஒன்பதாவது ரவுண்டுக்கு எங்களிடம் படம் இல்லை, புளியங்கொட்டை இல்லை, திட்டம் இல்லை. ஒரே உயிர்தான் மிச்சம். மேகம் இல்லாத இடத்தில் காத்திருக்கவும் வழியில்லை. நின்றால் பனி உடைந்தது. "தூக்கு," என்றாள் மலரக்கா. தூக்கினேன். "தூக்கு. தூக்கு. இரு, இரு… தூக்கு." உரக்க எண்ணவேண்டும் என்பது எங்கள் விதி. ஏழோ எட்டோ வரை எண்ணினேன். எண்ணிக்கொண்டிருந்ததில் ஒரு "தூக்கு" காதில் அரைகுறையாக விழுந்து, மிருகம் விளிம்பில் நுனிக்காலில் போய் நின்றது. அதோடு எண்ணுவதை விட்டுவிட்டேன். அவள் குரல், என் ஊக்கு, அவள் கட்டைவிரல். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மாமாதான் முதலில், "ஏய், ஏய், வந்துட்டீங்கடி!" என்று கத்தினார். நிமிர்ந்தேன். மலையுச்சியில் மிருகம் நின்றிருந்தது. பனி நின்று, வானம் மெல்ல வெளுத்து, நாலு வரி எழுத்து கீழிருந்து மேலே ஏறிப் போனது. ஒரு எழுத்துகூடப் புரியவில்லை. மூன்று பேரும் அதைக் கடைசி வரி வரை பார்த்தோம்.

"எத்தன அமுக்கு?" என்றார் மாமா.

மலரக்கா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

அவள் அவசர அவசரமாகத் துணிகளைப் பையில் திணித்துக்கொண்டே, "அந்த நோட்டக் குடுடி, பாதிக்கு மேல காலியாத்தானே இருக்கு, ரஃப் நோட்டா வச்சிக்கிறேன்," என்றாள். கொடுப்பதற்கு முன் கடைசி வரியை நிரப்ப உட்கார்ந்தேன். நாள் எழுதினேன். ரவுண்டு ஒன்பது. அமுக்கு என்ற கட்டத்தைக் காலியாக விட்டேன். குறிப்பு என்ற கட்டத்தில், அது சின்னக் கட்டம் என்பதால் பொடி எழுத்தில், "நான் இல்லாதபோது மலரக்கா ஆடவில்லை. சரிபார்க்கப்பட்டது" என்று எழுதி, நோட்டை மூடி அவள் பையில் வைத்தேன்.

இதெல்லாம் நடந்து இருபது வருஷத்துக்குப் பக்கமாகிறது. நான் இப்போது சென்னையில் மின்சாதனங்களைப் பரிசோதிக்கும் வேலையில் இருக்கிறேன். ஒரு இயந்திர விரல் சுவிட்சுகளை அவை சாகும்வரை அமுக்கிக்கொண்டே இருக்கும். எத்தனையாவதில் செத்தது என்று எழுதுவது என் வேலை. சோதனை தொடங்குமுன் சரிபார்க்க அமுக்குவதற்கென்று என் தாளில் தனிக் கட்டம் உண்டு. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அது ஏன் என்று விளங்குவதில்லை. போன மாதம் சாப்பாட்டு வேளையில் உடன் வேலை செய்யும் பெண் ஒருத்தி, செல்போனில் ஒரு வீடியோ காட்டினாள். உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள், பழைய ஆட்டங்களை எவ்வளவு குறைவாகப் பொத்தான் அமுக்கி முடிக்கலாமென்று வருஷக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்களாம். கையை எடுக்காமல் பிடித்துவந்த அமுக்கு ஒன்றா, பாதியா என்று அவர்களுக்குள்ளும் சண்டையாம். அவர்களுடைய பொத்தான்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆசைக்காகச் செய்கிறார்கள். எங்களுக்கும், யோசித்துப் பார்த்தால், நாற்பதுக்குக் கீழே இறங்கிய பிறகு ஆசைதான்.

அந்தச் சைக்கிள் ஸ்டாண்டு இப்போது இல்லை. சைக்கிளை விட்டுவிட்டு பஸ் ஏறுகிறவர்கள் குறைந்துபோனார்கள், இடம் செல்போன் கடையாகிவிட்டது. பெட்டி பரணிலிருந்து எப்போது, யார் கைக்குப் போனதென்று யாருக்கும் ஞாபகமில்லை. பெயர் தெரியாததால் ஆட்டத்தைத் தேடவும் முடியவில்லை. வெள்ளை மிருகம், மலை, ஒன்பது வட்டம் என்றெல்லாம் தட்டிப் பார்த்துவிட்டேன். இன்று கண்ணாடித் திரைமேல் விரல் படுகிறது. அது தேய்வதுமில்லை, ஒருத்தர் அமுக்க இன்னொருத்தர் நெம்பவேண்டிய தேவையுமில்லை.

வீடியோவைப் பார்த்த அன்று சாயங்காலம் மலரக்காவைக் கூப்பிட்டேன். கோயம்புத்தூரில் இருக்கிறாள், பின்னால் குக்கர் விசில் அடித்தது. நோட்டு என்ன ஆயிற்று என்று கேட்டேன். பின்பக்கமிருந்து ஃபிசிக்ஸ் எழுதினாளாம். பிளஸ் டூ முடிந்ததும் ஹாஸ்டலில் ஒரு ஜூனியருக்குக் கொடுத்துவிட்டாளாம். அந்தப் பெண் முன்பக்கத்தைப் புரட்டிப் பார்த்து என்ன நினைத்திருப்பாளோ என்று சிரித்தோம். பிறகு, இத்தனை வருஷமாகக் கேட்காததைக் கேட்டேன்: கடைசி வரியில் நான் எழுதியதை அவள் பார்த்தாளா?

"பஸ்ஸு ஆலப்பாக்கம் தாண்டறதுக்குள்ளயே பாத்துட்டேன்," என்றாள். "கையெழுத்தே போடாம வுட்டிருந்த. நான்தான் போட்டேன், உன் பேர."